வீரனுக்கு வாத்தியார் வேண்டுமா? கற்பனைச் சாகச விளையாட்டுகளில் பயிற்சியும் படியேற்றமும்

1. கட்டணம் கட்ட முடியாத திருடன்

‘அட்வான்ஸ்ட் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டில் முதல் படியில் நிற்கும் திருடன் இரண்டாம் படிக்கு ஏற 1,251 அனுபவப் புள்ளிகள் சேர்க்க வேண்டும். பாதாளத்திலிருந்து அவன் வெளியே கொண்டுவரும் ஒரு பொற்காசுக்கு ஒரு புள்ளி. அரக்கர்களைக் கொன்றாலும் புள்ளி உண்டு. தொடக்கப் படிகளில் அது சொற்பம். அவன் சேர்த்த புள்ளிகள் அத்தனையும் பொன்னாகவே வந்தவை என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் கையில் இருப்பது 1,251 காசுதான். ஆனால் 1979இல் வெளியான ‘டஞ்சன் மாஸ்டர்ஸ் கைடு’ அவனை அப்படியே ஏறவிடுவதில்லை. ஓர் ஆசானிடம் குறைந்தது ஒரு வாரம் பயில வேண்டும் என்கிறது. முதல் படிக்காரனுக்குக் கட்டணம் வாரத்துக்கு 1,500 காசு. 249 காசு துண்டு விழுகிறது. ஆட்டத் தொடக்கத்தில் திருடனுக்குக் கிடைக்கக்கூடிய கைப்பணமே அதிகபட்சம் 120. அதிலும் கயிறு, தோல்கவசம், குத்துவாள் என்று பெரும்பகுதி கரைந்திருக்கும். பயிற்சி முடியும்வரை இனி வரும் புள்ளிகள் அவன் கணக்கில் ஏறாது என்றும் விதி சொல்கிறது. ஆகவே அவன் தொடர்ந்து திருடுவான், தப்பிப்பான், பூட்டுகளைத் திறப்பான். கட்டணம் கட்டாத காரணத்தால் அதிலிருந்து எதையும் கற்றுக்கொள்ள மாட்டான்.

இந்த வகை விளையாட்டோடு பழக்கமில்லாத வாசகருக்குச் சிறு விளக்கம். நான்கைந்து பேர் மேசையைச் சுற்றி அமர்ந்து ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்பார்கள். ‘டஞ்சன் மாஸ்டர்’ எனப்படும் நடத்துநர் விவரிக்கும் கற்பனை உலகில், பகடையின் துணையோடு சாகசம் செய்வார்கள். புள்ளிகள் ஓர் எல்லையைத் தொட்டதும் பாத்திரம் அடுத்த படிக்கு, அதாவது அடுத்த லெவலுக்கு, போகும். அடி தாங்கும் வலு கூடும், வாள்வீச்சு கூர்மைப்படும், மந்திரவாதிக்குப் பெரிய மந்திரங்கள் கைவரும். இந்த ஏற்றம் புள்ளி சேர்ந்ததும் தானாக நிகழ வேண்டுமா, ஆசானிடம் முறையாகப் பயின்ற பிறகுதான் நிகழ வேண்டுமா என்பது இவ்விளையாட்டுகளின் பழைய வழக்குகளில் ஒன்று. பெரும்பாலும் ‘எது யதார்த்தம்’ என்ற தடத்திலேயே அது வாதிடப்படுகிறது. அந்தத் தடத்தில் தீர்ப்புக் கிடைக்காது என்றே எனக்குத் தோன்றுகிறது. விதியின் பிறப்பை முதலில் பார்த்து, யதார்த்த வாதத்தை எடைபோட்டு, பிற விளையாட்டுகள் கண்ட வழிகளுக்குப் போகலாம்.

2. விதி எங்கிருந்து வந்தது

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974இல் வெளியிட்ட மூல ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’, ஒரு பெட்டிக்குள் மூன்று சிறு நூல்கள். அதில் கட்டாயப் பயிற்சி கிடையாது. மினசோட்டாவில் ஆர்னெசன் நடத்திவந்த ‘பிளாக்மூர்’ ஆட்டத்தில் வேறொரு வழக்கம் இருந்தது. அதன் குறிப்புகள் 1977இல் நூலாக வந்தன. அவற்றின்படி பொன்னைக் கண்டெடுத்தால் மட்டும் போதாது, செலவழிக்கவும் வேண்டும். மது, சிற்றின்பம், சமயப்பணி, பொழுதுபோக்கு என்று ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு நாட்டம் உண்டு. அந்த நாட்டத்தின்படி பணத்தை அழித்தால்தான் புள்ளி. ஆர்னெசனின் வீரன் ஊதாரித்தனம் செய்து வளர்ந்தான். கைகாக்ஸின் வீரன் கல்விக் கட்டணம் கட்டி வளர்ந்தான். இரண்டும் ஒரே நோய்க்கான மருந்துகள். பொன்னுக்குப் புள்ளி என்று வைத்துவிட்டால் மேலே ஏறும் ஒவ்வொருவனிடமும் பொன் மலையாய்க் குவியும். குவிந்தால் அவனை மறுபடி பாதாளத்துக்குள் இறக்குவது கடினம். குவியலைக் கரைக்க ஒரு வடிகால் வேண்டும்.

விதி யதார்த்தத்துக்காகப் பிறக்கவில்லை என்பதற்குக் கைகாக்ஸே நல்ல சாட்சி. பூசாரிகள் பிரார்த்தனையிலும் போர்வீரர்கள் உடற்பயிற்சியிலும் மந்திரவாதிகள் பழஞ்சுவடிகளிலும் பொழுதைக் கழித்து முன்னேறுவதே அதிக யதார்த்தமானது என்று அவர் அந்த 1979ஆம் ஆண்டு வழிகாட்டியிலேயே ஒப்புக்கொள்கிறார். ஆனால் அப்படி ஆடினால் ஆட்டம் சலித்துவிடும் என்று ஒதுக்கிவிடுகிறார். யதார்த்தத்தின் பெயரால் இந்த விதியைக் காப்பாற்ற வந்தவர்கள், அதை எழுதியவரே கோராத காரணத்தைக் கையில் எடுத்தவர்கள்.

விதிக்குள் இன்னொரு நோக்கமும் ஒளிந்திருந்தது. ஒவ்வொரு சாகசத்திலும் பாத்திரம் தன் வகுப்புக்கு (போர்வீரன், திருடன் போன்ற தொழில்வகைக்கு) ஏற்றபடி நடந்துகொண்டதா என்று நடத்துநர் 1 முதல் 4 வரை மதிப்பிடுவார். மிகச் சிறப்பு என்றால் 1, மோசம் என்றால் 4. சராசரி எத்தனையோ, பயிற்சி அத்தனை வாரம். சண்டையில் பின்வாங்கி நின்ற போர்வீரன் நான்கு வாரம் பயில வேண்டும். முதல் படியிலேயே 6,000 காசு. இங்கே பயிற்சிக்கூடத்தின் வேலை கற்பித்தலைவிடத் தண்டம் வசூலிப்பதற்கு நெருக்கமானது. கோழையாகவோ தந்திரசாலியாகவோ ஒரு போர்வீரனை நடிக்க விரும்பியவர் அந்த விருப்பத்துக்கும் சேர்த்தே கட்டணம் கட்டினார்.

ஆனால் இந்த விதியை முட்டாள்தனம் என்று தள்ளிவிடுவதற்கு முன், அது எந்த மேசைக்காக எழுதப்பட்டது என்று பார்க்க வேண்டும். விஸ்கான்சினின் லேக் ஜெனீவாவில் கைகாக்ஸ் நடத்திய ஆட்டத்துக்குப் பலர் வந்துபோவார்கள். ஒருவருக்கே பல பாத்திரங்கள் இருக்கும். ஆடாத நாட்களில் நம் உலகில் ஒரு நாள் போனால் கற்பனை உலகிலும் ஒரு நாள் போனதாகக் கொள்ளலாம் என்றும், காலக்கணக்கைக் கறாராக எழுதிவைக்க வேண்டும் என்றும் அந்த வழிகாட்டி வற்புறுத்துகிறது. அத்தகைய மேசையில் போர்வீரன் மூன்று வாரம் பயிற்சிக்குப் போனால் யாருக்கும் நட்டமில்லை. அவனை ஆடுபவர் தன் இன்னொரு பாத்திரத்தை இறக்குவார். இரண்டு பாத்திரங்களும் வெவ்வேறு படிகளில், வெவ்வேறு நண்பர்களோடு வளரும். பயிற்சி வாரம் ஆட்களைச் சுழற்றிவிடும் பொறியாக இயங்கியது.

1980களில் மேசை மாறியது. ஒரே குழு, ஆளுக்கு ஒரே பாத்திரம், தொடர்ந்து செல்லும் ஒரே கதை என்ற வழக்கம் பரவியது. 1984இல் தொடங்கிய ‘டிராகன்லான்ஸ்’ சாகச வரிசை இதற்கு நல்ல அடையாளம்: டிராகன் படைகள் கண்டத்தை எரித்துக்கொண்டு வருகின்றன, மக்கள் அகதிகளாக ஓடுகிறார்கள். அந்த நேரத்தில் நாயகன் ஒரு மாதம் விடுப்பெடுத்து வாள் வகுப்புக்குப் போக முடியுமா? 1989இல் வந்த ‘அட்வான்ஸ்ட்’ வரிசையின் இரண்டாம் பதிப்பு பயிற்சியை விருப்ப விதியாகத் தாழ்த்தியது. 2014ஆம் ஆண்டு வழிகாட்டியிலும் அது விருப்ப விதியே. இரண்டு முதல் நான்காம் படி வரை ஏற 10 நாள், 20 பொற்காசு. ஒரு காலத்தில் வாரத்துக்கு 1,500 கேட்ட கூடம் அதில் பெயருக்குத்தான் திறந்திருந்தது.

3. யதார்த்தம் என்னும் சாட்சி

பயிற்சி வேண்டும் என்போர் சொல்வது: நேற்றுவரை தெரியாத ஒன்று குகை நடுவில் திடீரென்று எப்படிக் கைவரும்? மறுதரப்பின் பதில்: உயிரைப் பணயம் வைத்த சண்டையைவிடப் பெரிய பள்ளி எது? இரண்டுக்கும் ஆய்வுலகில் ஆதாரம் உண்டு.

ஆண்டர்ஸ் எரிக்சனும் இரு சக ஆய்வாளர்களும் 1993இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரை, மேற்கு பெர்லின் இசைப்பள்ளியின் வயலின் மாணவர்களை ஆராய்ந்தது. அவர்கள் வேலை, விளையாட்டு, திட்டமிட்ட பயிற்சி என்று மூன்றைப் பிரித்தார்கள். குறையை இனங்கண்டு, அதைக் களைவதற்கென்றே வடிவமைத்து, கண்காணிப்போடு செய்யும் பயிற்சியே திறனை உயர்த்துகிறது. கச்சேரி செய்வது அதற்கு ஈடாகாது என்பது அவர்கள் கருத்து. 2005இல் வந்த ஒரு தொகுப்பாய்வு இதற்கு இன்னொரு பக்கத்திலிருந்து வலுச் சேர்த்தது: மருத்துவர்களுக்கு அனுபவ ஆண்டுகள் கூடக்கூடச் சிகிச்சையின் தரம் உயர்வதில்லை, பல அளவுகோல்களில் குறையவும் செய்கிறது என்று அது காட்டியது. வெறும் அனுபவம் ஆளை வளர்க்கும் என்ற நம்பிக்கைக்கு இது நல்ல அடி.

எதிர்த்தரப்பும் வெறுங்கையோடு இல்லை. 2014இல் மக்னமாரா, ஹாம்பிரிக், ஆஸ்வால்ட் மூவரும் பல ஆய்வுகளை ஒன்றாக்கிப் பார்த்தபோது, திட்டமிட்ட பயிற்சியால் விளக்க முடிந்த திறன் வேறுபாடு சதுரங்கம் போன்ற ஆட்டங்களில் 26 சதவீதம், இசையில் 21, விளையாட்டில் 18, தொழில்களில் 1 சதவீதத்துக்கும் கீழே. வீரசாகசம் இவற்றில் எதோடு சேரும்? ஜீன் லேவும் எட்டியென் வெங்கரும் 1991இல் எழுதிய நூல் வேறொரு கோணம். லைபீரியாவின் தையற்காரர்கள் போன்றோரை ஆராய்ந்த அவர்கள், கற்றல் என்பது பெரும்பாலும் தொழில் நடக்கும் இடத்தில், ஓரத்தில் நின்று சிறு வேலைகளைச் செய்து, மெல்ல நடுவுக்கு நகர்வது என்றார்கள். மூத்த வீரர்களோடு விளக்குப் பிடித்துக்கொண்டு பாதாளத்துக்குள் இறங்கும் முதல் படிக்காரனுக்கு இது அச்சாகப் பொருந்தும். பள்ளியும் களமும் அங்கே பிரிந்திருக்கவில்லை.

டேனியல் கானமனும் கேரி கிளைனும் 2009இல் சேர்ந்து எழுதிய கட்டுரை இந்த இழுபறியில் உதவுகிறது. சூழலில் நிலையான ஒழுங்கு இருந்து, செய்ததன் விளைவு விரைவாகத் தெரியவந்தால் அனுபவம் நிபுணத்துவமாக மாறும். இல்லாவிட்டால் தன்னம்பிக்கை மட்டும் வளரும் என்பது அவர்கள் முடிவின் சாரம். பாதாளச் சண்டையில் விளைவு உடனே தெரிகிறது, உண்மைதான். ஆனால் தவறு செய்தவன் சாகிறான். உயிரே விலையாக இருக்கும் இடத்தில் யாரும் புது வீச்சைச் சோதித்துப் பார்க்க மாட்டார்கள்; தெரிந்ததையே திரும்பத் திரும்பச் செய்வார்கள். அங்கே பழகியது உறுதிப்படும், பழகாதது பிறக்காது. அறிவியல் இதற்கு மேல் நம்மை அழைத்துப் போகாது.

வரலாறு என்ன சொல்கிறது? ஐரோப்பாவில் வாள்வீரர்களுக்கு உண்மையிலேயே லெவல்கள் இருந்தன. 16ஆம் நூற்றாண்டு லண்டனில் தற்காப்புக் கலை ஆசான்களின் சங்கம் ஒன்று மாணவர், சுதந்திர மாணவர், துணையாசான், ஆசான் என்று நான்கு நிலைகள் வைத்திருந்தது. ஒரு நிலையிலிருந்து அடுத்ததற்கு ஏற, ஊர் பார்க்க மேடையில் பல ஆயுதங்களோடு தன்னைவிட மூத்தவர்களை எதிர்கொள்ள வேண்டும். பிராங்பர்ட்டின் மார்க்ஸ்புரூடர் சங்கத்துக்குப் பேரரசர் மூன்றாம் ஃபிரெடெரிக் 1487இல் சிறப்புரிமை வழங்கினார். பயிற்சி விதியின் ஆதரவாளர்களுக்கு இவை தேன்போல் இனிக்கும். ஆனால் இந்தப் பட்டங்கள் எதற்குச் சான்று என்று கவனிக்க வேண்டும். கற்பித்துக் காசு வாங்கும் உரிமைக்குத்தான். போர்க்களத்தில் உயிர்பிழைக்கும் திறமைக்கு யாரும் பட்டம் தரவில்லை. அதே காலத்துச் சிப்பாய்களில் பெரும்பாலோர் எந்தச் சங்கத்திலும் சேராமல் படையெடுப்புகளிலேயே பழகினார்கள்.

4. பிற மேசைகளின் தீர்வுகள்

1978இல் வந்த ‘ரூன்குவெஸ்ட்’ லெவலையே ஒழித்தது. ஒவ்வொரு திறமைக்கும் தனியாக ஒரு சதவீதம். சாகசத்தில் ஒரு திறமையை வெற்றிகரமாகப் பயன்படுத்தினால் அதற்கு நேராக ஒரு குறி. சாகசம் முடிந்ததும் பகடை உருட்டி, இப்போதைய சதவீதத்தைவிட அதிகம் விழுந்தால் திறமை உயரும். வல்லவனாக ஆக ஆக மேலும் உயர்வது அரிது. கணித அழகுள்ள இந்த விதி கற்றலின் தன்மையையும் ஓரளவு பிடித்திருக்கிறது. காசு கொடுத்துப் பயிலவும் வழி உண்டு. புதியவர்களுக்குக் கடனாகவே கற்றுத்தரும் குழுமங்கள் அந்த உலகில் இருந்தன. ஆனால் ஆடுபவர்கள் சும்மா இருப்பார்களா? ஒரே சண்டையில் வாள், ஈட்டி, கோடரி என்று மாற்றி மாற்றி எடுத்து ஒவ்வொன்றுக்கும் குறி வாங்கத் தொடங்கினார்கள். 2002இல் வந்த ‘மோரோவிண்ட்’ கணினி விளையாட்டிலும் இதே கதை: குதித்தால் குதிக்கும் திறமை வளரும் என்பதால் ஊர்விட்டு ஊர் போகும்போதெல்லாம் நாயகன் தவளைபோல் குதித்துக்கொண்டே போனான். செய்தால் வளரும் என்ற மிக யதார்த்தமான விதி, மிக அபத்தமான காட்சியைத் தந்தது.

1986இன் ‘கர்ப்ஸ்’ கறாரான கணக்குப்பிள்ளை. ஆசானிடம் 200 மணிநேரம் பயின்றால் ஒரு புள்ளி. வேலை செய்துகொண்டே கற்றால் அதற்கு 800 மணிநேரம். நேர்மையான விலைதான். ஆனால் ஒரு மாலை நேர ஆட்டத்தின் முடிவில் நடத்துநர் ஓரிரு புள்ளிகளைப் பரிசாகக் கொடுத்துவிடுகிறார். படித்தவன் மாதக்கணக்கில் உழைத்துப் பெற்றதைச் சாகசக்காரன் ஒரே இரவில் வாங்கிக்கொண்டு போகிறான். எந்த ஆட்டக்காரர் பள்ளியைத் தேர்ந்தெடுப்பார்? 1977இன் ‘டிராவலர்’ மறுமுனைக்குப் போனது. அதில் பயிற்சி பெரும்பாலும் ஆட்டம் தொடங்கும் முன்பே முடிந்துவிடும்: நான்கு நான்கு ஆண்டுகளாகக் கடற்படையிலோ வணிகக் கப்பலிலோ பணியாற்றி, நடுவயதில்தான் பாத்திரம் மேசைக்கு வரும். சில சமயம் பணிக்காலத்திலேயே செத்துப்போய் வராமலும் இருக்கும்.

என் பார்வையில் பயிற்சியை உண்மையிலேயே ஆட்டமாக்கியவை இரண்டு. கிரெக் ஸ்டாஃபோர்டின் ‘பென்டிராகன்’, 1985: ஆண்டுக்கு ஒரு சாகசம், பிறகு குளிர்காலம். பனி பெய்யும் மாதங்களில் வீரன் வாள் பழகுகிறான், மணம் முடிக்கிறான், மூப்படைகிறான். ஆண்டுகள் நகர்வதே அந்த ஆட்டத்தின் பொருள் என்பதால் பயிற்சிக்காலம் இடையூறாகத் தெரிவதில்லை. ஜோனதன் ட்வீட்டும் மார்க் ரெயின்-ஹேகனும் 1987இல் படைத்த ‘ஆர்ஸ் மேஜிக்கா’ இன்னும் துணிச்சலானது. அதன் மந்திரவாதிகள் 15 ஆண்டு சீடர்களாக இருந்து வெளிவந்தவர்கள். அவர்களின் காலம் பருவங்களாக அளக்கப்படுகிறது. ஒரு பருவத்தில் நூல் பயிலலாம், ஆய்வுக்கூடத்தில் மந்திரம் கண்டுபிடிக்கலாம், சீடனுக்குக் கற்பிக்கலாம். சாகசத்துக்குப் போனால் அந்தப் பருவத்தின் படிப்புக் கெடும். எனவே வாசல் கதவு தட்டப்படும்போது மந்திரவாதிக்கு எரிச்சல் வருகிறது: இப்போதுதானா இந்த டிராகன் வர வேண்டும்! பிற ஆட்டங்களில் சாகசத்துக்குக் குறுக்கே நிற்பது பயிற்சி. இங்கே பயிற்சிக்குக் குறுக்கே நிற்பது சாகசம்.

5. திரையில் ஆசான்

கணினி விளையாட்டுகள் தொடக்கத்தில் மேசை விதிகளையே நகலெடுத்தன. 1981இன் ‘விசார்ட்ரி’யில் விடுதியில் தூங்கி எழுந்தால் லெவல் ஏறும். 1985இன் ‘பார்ட்ஸ் டேல்’ நகரத்தில் ஒரு மதிப்பீட்டுக் குழு இருந்தது. அதன்முன் போய் நின்றால்தான் ஏற்றம். 1988இன் ‘பூல் ஆஃப் ரேடியன்ஸ்’ பயிற்சிக்கூடமே கட்டிவைத்தது. 2004இல் வந்த ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’டில் புதுத் திறன்களைப் பெற அவ்வப்போது நகரத்துப் பயிற்சியாளரைத் தேடிப்போக வேண்டும். 2012இல் அந்தத் தேவை நீக்கப்பட்டு, திறன்கள் தாமாகவே வரத் தொடங்கின. 2019இல் பழைய வடிவத்தை மீட்டு வெளியிட்டபோது பயிற்சியாளர்களும் திரும்பினார்கள். அலைச்சல் என்று ஒருவருக்குப் பட்டது, ஊர் திரும்புவதற்கான காரணம் என்று இன்னொருவருக்குப் பட்டிருக்கிறது.

இவ்வரிசையில் தனித்து நிற்பது 2001இல் ஜெர்மனியின் பிரான்யா பைட்ஸ் நிறுவனம் உருவாக்கிய ‘காதிக்’. மந்திரத் திரையால் மூடப்பட்ட சிறைக் குடியேற்றத்துக்குள் தூக்கியெறியப்பட்ட ஒரு கைதிதான் நாயகன். லெவல் ஏறினால் அவனுக்குக் கிடைப்பது கொஞ்சம் உயிர்வலுவும் பத்துக் கற்றல் புள்ளிகளும் மட்டுமே. அந்தப் புள்ளிகளை ஓர் ஆசானிடம் கொண்டுபோனால்தான் அவை திறமையாகும். ஆசான்கள் சிறைக்குள் இயங்கும் முகாம்களைச் சேர்ந்தவர்கள். சிலர் தம் முகாமில் சேராதவனுக்குக் கற்றுத்தர மாட்டார்கள். பயிலாத நிலையில் நாயகன் ஒற்றைக்கை வாளை இரண்டு கையாலும் தடுமாற்றத்தோடு பிடித்து வீசுகிறான். பயின்ற பிறகு பிடி மாறுகிறது, நிற்கும் நிலை மாறுகிறது, வீச்சுகள் ஒன்றோடொன்று இழைகின்றன. பயிற்சியின் பலன் எண்ணில் மறையாமல் உடலில் தெரிந்தது.

6. வாசலில் நிற்பவர்

‘காதிக்’கின் ஆசான் மறுக்க முடிந்தவர். 1979இன் ஆசானுக்கு அந்த உரிமை இருந்ததாகத் தெரியவில்லை. முகமில்லை, பெயரில்லை, கட்டணம் மட்டும் உண்டு. ஆனால் அதே விளையாட்டின் 1978ஆம் ஆண்டு ‘பிளேயர்ஸ் ஹேண்ட்புக்’கில் இதற்கு மாறான ஒன்று இருக்கிறது. துறவி வகுப்பில் எட்டாம் படியில் உலகத்துக்கே மூன்று பேர்தான். அதற்கு மேல் ஒவ்வொரு படிக்கும் ஒருவர். புள்ளி சேர்த்தவர், இடத்தில் இருப்பவரை ஆயுதமில்லாத் தனிச்சண்டையில் வெல்ல வேண்டும். ட்ரூயிட் என்னும் வனப்பூசாரி வகுப்பின் உச்சப் படிகளும் இப்படியே எண்ணிக்கை வரம்புள்ள ஆசனங்கள். இங்கே லெவல் ஒரு பதவி. பதவியில் ஏற்கெனவே ஒரு மனிதர் இருக்கிறார், அவருக்கும் ஒரு கதை இருக்கிறது.

பயிற்சி விதி உண்மையில் தீர்மானிப்பது இதைத்தான்: ஆற்றல் எங்கிருந்து வருகிறது, அதன் வாசலில் யார் நிற்கிறார்கள்? தானாக ஏறும் விதி, ஆற்றல் காட்டிலும் குகையிலும் கிடக்கிறது, துணிந்தவன் எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. ஆசானைக் கட்டாயமாக்கும் விதி, ஆற்றல் சமூகத்தின் கையில் இருக்கிறது, தகுதி பார்த்தே தரப்படும் என்கிறது. குடியும் குலமும் பார்த்து மறுக்கப்பட்டு, தானே பழகி, பழகிய பிறகும் கட்டைவிரலைக் காணிக்கையாகக் கொடுத்த ஏகலைவனை அறிந்த நமக்கு இந்த இரண்டாவது உலகம் அப்பாவித்தனமாகத் தெரியாது. ஆனால் அந்தக் கொடுமையிலிருந்துதான் கதை பிறந்தது என்பதும் உண்மை. துரோணர் வாரத்துக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு எல்லாருக்கும் கற்றுக்கொடுத்திருந்தால் ஏகலைவனை யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள்.

7. லெவல் என்ற மூட்டை

இவ்வழக்கில் தீர்ப்புக் கிடைக்காததற்கு முக்கியக் காரணம் லெவல் என்பது இரண்டு வேறு வளர்ச்சிகளை ஒரே மூட்டையாகக் கட்டியிருப்பது. ஏற்கெனவே உள்ளது உறுதிப்படுவது ஒன்று: அடி தாங்குவது, குறி தவறாமை, பதற்றமின்மை. முன்பு இல்லாதது சேர்வது மற்றொன்று: புது மந்திரம், புது ஆயுதம், புது மொழி. முதலாவதைக் களமே தரும். மேலே பார்த்த ஆய்வுகளும் அதற்கு இடம் தருகின்றன. இரண்டாவதற்கு ஓர் ஊற்று வேண்டும். அது ஆசானாகவோ நூலாகவோ எதிரியிடமிருந்து கவர்ந்ததாகவோ இருக்கலாம்.

வியப்பு என்னவென்றால், டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் இந்தப் பிரிவினையை ஒரு மூலையில் முதலிலிருந்தே வைத்திருந்தது. பழைய பதிப்புகளின் மந்திரவாதிக்கு லெவல் ஏறினால் கிடைப்பது முதன்மையாகக் கொள்ளளவு: இத்தனை மந்திரங்களை ஒரு நாளைக்கு மனத்தில் ஏற்றிவைக்கலாம் என்ற அளவு. அந்த மந்திரங்களைச் சுவடிகளிலும் பகைவனின் நூலிலும் அவன் தேடிப்பிடிக்க வேண்டும். அந்தத் தேடலே சாகசமாயிற்று. பூசாரிக்கோ அவன் தெய்வமே ஆசான். உயர்ந்த மந்திரங்களைத் தெய்வம் நேரடியாகத் தரும், அதிருப்தி அடைந்தால் மறுக்கும். போர்வீரனுக்கும் திருடனுக்கும் மட்டும் இப்படி எதுவும் சிந்திக்கப்படவில்லை. அவர்களுக்கு ரசீது போடும் ஓர் ஆசான் போதும் என்று விட்டுவிட்டார்கள். மந்திரவாதியின் நூலுக்கு இணையாக, ஒரு கிழட்டுக் கொள்ளையன் மட்டுமே அறிந்த பூட்டுத்திறப்பையோ, மலைக்கோட்டை ஒன்றில் மட்டும் கற்பிக்கப்படும் வாள்முறையையோ வைத்திருக்கலாம்.

ஆகவே ஒவ்வொரு லெவலுக்கும் கட்டாயப் பயிற்சி என்ற விதியை நான் ஏற்கவில்லை. உறுதிப்படும் வளர்ச்சி தானாக வரட்டும். புதிதாகச் சேர்வதற்கு ஊற்று வேண்டும். ஊற்று ஆசானாக இருந்தால் அவருக்குப் பெயரும், மறுக்கும் உரிமையும், காசைத் தவிர வேறொரு விலையும் இருக்கட்டும். மேசையில் ஒரு சிக்கல் மட்டும் மீதமிருக்கிறது. ஐந்து பேர் குழுவில் ஒருத்தி மலைக்கோட்டையில் மூன்று மாதம் தங்கினால் மற்ற நால்வரும் என்ன செய்வது? ‘ஆர்ஸ் மேஜிக்கா’ இதற்கு ஆளுக்கு ஒரு மந்திரவாதி, ஒரு துணைவர், பொதுவில் சில காவலாட்கள் என்று பல பாத்திரங்களைக் கொடுத்தது. மந்திரவாதி படிக்கும் பருவத்தில் அவரை ஆடுபவர் காவலாளாக வெளியே போவார். லேக் ஜெனீவாவில் ஆள்கூட்டத்தால் தற்செயலாக அமைந்ததை அது விதியாகவே எழுதிவைத்தது. ஒருவருக்கு ஒரே பாத்திரம் என்று பிடிவாதமாக இருக்கும் இன்றைய குழுக்கள் அந்த வழக்கத்தைத் தளர்த்தாமல் ஆசானை மேசைக்கு அழைத்தால், அவர் பழையபடி கட்டணம் வசூலிக்க மட்டுமே வருவார்.